கப்பலோடு கதையை முடிக்காதீர்கள்

ராபர்ட் ஸ்மால்ஸ் என்றால் எல்லோரும் கப்பல் கதையைத்தான் சொல்றாங்க. அடிமை முறையைக் காக்க அமெரிக்கத் தெற்கு மாநிலங்கள் போரிட்ட காலம். 1862 மே 13, விடியுமுன், சார்ல்ஸ்டன் துறைமுகம். வெள்ளை அதிகாரிகள் கரையில் தூங்கப் போய்விட்டார்கள். 23 வயது அடிமை ஸ்மால்ஸ், கேப்டனின் தொப்பியை மாட்டிக்கொண்டு, மனைவி பிள்ளைகளையும் கூட்டாளிகளையும் ஏற்றிக்கொண்டு, கோட்டைகளுக்குச் சரியாகச் சங்கு ஊதி, 'பிளான்டர்' கப்பலை வடக்குப் படையிடம் ஓட்டிப்போய்ச் சேர்த்தார்.

நானும் கேட்டுக் கைதட்டியவன்தான். ஆனால் இதோடு ஏன் நிறுத்துறாங்க? ஒருத்தன் தப்பித்த கதையில் ஆண்டையின் பேரனுக்கு நஷ்டமில்லை. அதற்குப் பிறகு அவர் கேட்டதுதான் கசக்கும்.

பள்ளிக்கூடம் கேட்டார். அடிமைக்குப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதை 1834இல் தென் கரோலினா சட்டம் போட்டுத் தடுத்திருந்தது. ஸ்மால்ஸ் எழுத்துக் கூட்டியதே தப்பி வந்த பிறகுதான். கறுப்பர்கள் பெரும்பான்மையாக இருந்த 1868 சபையில் அவரும் உட்கார்ந்து, இலவசப் பள்ளியை மாநில அரசியல் சட்டத்தில் எழுத வைத்தார்.

1875இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போனார். செஞ்சட்டை போட்ட வெள்ளைக் கும்பல் துப்பாக்கியோடு மிரட்டியது. லஞ்ச வழக்கில் 1877இல் தண்டித்தார்கள். 1879இல் மன்னிப்பு என்றார்கள். தோற்றும் வென்றும் 1887 வரை நின்றார்.

1895இல் மறுபடி அரசியல் சட்டம் எழுதும் சபை. இப்போது கறுப்பர் ஆறே பேர். ஓட்டு வேண்டுமா? அரசியல் சட்டத்தைப் படித்துக் காட்டு. இல்லாவிட்டால் 300 டாலர் சொத்துக் காட்டு. படித்தது சரியா என்று தீர்ப்பவன் வெள்ளைக்காரன். எழுத்தைப் பிடுங்கினவனே எழுத்துக் கேட்கிறான்!

கலப்பு மணத்தையும் தடை செய்யப் போனார்கள். ஸ்மால்ஸ் எழுந்தார்: கறுப்புப் பெண்ணோடு கூடி வாழும் வெள்ளையனுக்கு அரசுப் பதவி கிடையாது, பிறக்கும் பிள்ளைக்கு அப்பன் பேர் உண்டு என்றும் சேருங்கள் என்றார். ஒழுக்கம் பேசின வாயெல்லாம் அடைத்துப்போச்சு. தீர்மானத்தைத் தோற்கடித்தார்கள். அந்த அரசியல் சட்டத்தில் கையெழுத்துப் போட அவர் மறுத்தார்.

அந்த மாநிலத்தின் கறுப்பு நாடாளுமன்ற உறுப்பினர் ஜார்ஜ் வாஷிங்டன் மர்ரே 1897இல் வெளியேறினார். அடுத்த கறுப்பர் ஜேம்ஸ் கிளைபர்ன் உள்ளே நுழைந்தது 1993இல்.

ஸ்மால்ஸ் ஒரு ராத்திரியில் கடத்தினது ஒரு கப்பல். அவர்கள் சட்டம் போட்டுத் திருடினது 96 வருஷம். முதல் கதையை மட்டும் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.