தீட்டுப் படாத மீனாட்சி

தாழ்த்தப்பட்டவர் காலடி பட்டால் சன்னிதியின் புனிதம் கெட்டுவிடும் என்ற நம்பிக்கைக்குத் தமிழ்நாட்டில் ஆயுசு கெட்டி. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலில் பட்டியலினத்தவர் நுழைவதை ஒட்டி எழுந்த தகராறில், 2023 ஜூன் 7 அன்று அதிகாரிகள் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு, 2024 மார்ச்சில்தான் நடை திறந்தது. ஒன்பது மாதம் அம்மன் விளக்கும் பூசையும் இன்றிக் கிடந்தாள். அது மட்டும் யாருக்கும் தீட்டாகத் தெரியவில்லை.

இந்த நம்பிக்கைக்கு மதுரை எப்போதோ பதில் சொல்லிவிட்டது. 1939 ஜூலை 8 அன்று காங்கிரஸ் தலைவர் அ. வைத்தியநாதய்யர், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த கக்கன் உள்ளிட்டோரை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார். சுத்தி செய்யாமல் பூசை கிடையாது என்று பட்டர்களில் ஒரு சாரார் முரண்டு பிடித்தார்கள். மீனாட்சி வெளியேறிவிட்டாள் என்றுகூடச் சனாதனிகள் சொன்னார்கள். எங்கே போனாளோ! சித்திரை தவறாமல் திருக்கல்யாணம் நடக்கிறது. மொய் எழுத வரிசை நிற்கிறது. அன்று ‘தீட்டு’ என்று ஒதுக்கப்பட்ட கக்கன் பின்னாளில் மாநிலத்தின் உள்துறை அமைச்சரானார். மீனாட்சி அப்போதும் கோபித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை.

தீட்டுக்குச் சாதியும் நிலையானதல்ல. 1897-இல் கமுதி கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்ததற்கு, சுத்திச் சடங்கின் செலவையும் சேர்த்துக் கேட்டு வழக்கு நடந்தது. 1908-இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் நாடார்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. அதே நாடார்கள் இன்று நுழைந்தால் எந்த ஆகமமும் அலறுவதில்லை. மீனாட்சி கோயிலிலும் அப்படித்தான்: அன்றைய தீட்டு இன்றைய கட்டண தரிசன வரிசை.

புனிதத்தைக் கெடுத்த காரியம் வேறு இருக்கிறது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடிய நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. சாமி 2014-இல்தான் நாடு திரும்பினார். பூட்டிக் கிடந்த கோயிலில் சிலை போனதே வெகுநாள் யாருக்கும் தெரியாது. காலடியைக் காவல் காத்தவர்கள் கடவுளைக் கோட்டைவிட்டார்கள்.

ஆலயப் பிரவேசத்துக்குச் சென்னை மாகாணம் 1947-இலேயே சட்டம் இயற்றியது. அதன்படி வழிபட வருபவரைத் தடுப்பவரே குற்றவாளி. மேல்பாதியில் நடவடிக்கை பாய்ந்திருக்க வேண்டியது அவர்மீதுதான். கோயில் கதவின்மீது அல்ல.