பட்டம் வாங்கியாச்சு... படம் மாட்டச் சுவர் எங்கே?

தென்காசிப் பக்கம் பல வீடுகளில் கூடத்துச் சுவரில் ஒரு படம் தொங்கும். கருப்பு அங்கி, தலையில் தொப்பி, கையில் சுருட்டிய காகிதம். அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கிய பிள்ளையின் படம். தாத்தா படத்துக்குப் பக்கத்திலேயே அதற்கும் ஒரு ஆணி. வருகிறவர், போகிறவர் எல்லாரிடமும் அம்மா கை நீட்டிக் காட்டுவார். "எம் புள்ளதான். அபிசேகப்பட்டி யுனிவர்சிட்டியில வாங்குனது!"

சரி. அதே வீட்டில் பிறந்த இன்னொரு பிள்ளை, "நான் பையன் இல்லம்மா, பொண்ணு" என்று சொல்லிவிட்டு வெளியேறியது. எங்கெங்கோ தட்டுத் தடுமாறிப் படித்தது. அதுவும் பட்டம் வாங்கியது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் படத்தை எந்தச் சுவரில் மாட்டுவது?

சும்மா கிளப்புகிற கேள்வி அல்ல. 2025-ம் ஆண்டில் சென்னை லயோலா கல்லூரியில் ஆங்கிலத் துறைக்கு ஓர் உதவிப் பேராசிரியை வந்து சேர்ந்தார். பெயர் ஜென்சி. திருத்தணிக்காரர். அதே கல்லூரியில் ஆங்கிலத்தில் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெற்றவர். அவர் ஒரு திருநங்கை. முதல்-அமைச்சரே வாழ்த்துச் சொன்னார். பத்திரிகைகளில் படம் வந்தது. டீக்கடை பெஞ்சுகளில்கூட "பரவாயில்லையே" என்று பேசிக்கொண்டார்கள்.

"பரவாயில்லையே" என்று சொல்வது சுலபம். அந்த ஒருவருக்குப் பின்னால் எத்தனை பேர் வரமுடியும் என்று பார்த்தால்தான் விவகாரம் புரியும்.

திறந்த கதவு

சர்க்கார் தன் பங்குக்குக் கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது. 2008-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி தமிழ்நாட்டில் அரவாணிகள் நல வாரியம் அமைந்தது. நாட்டிலேயே இதுதான் முதல் வாரியம். சரியாக ஆறு வருடம் கழித்து, 2014-ல் அதே ஏப்ரல் 15-ந் தேதி, சுப்ரீம் கோர்ட்டு பெரிய தீர்ப்பு ஒன்று கொடுத்தது. திருநங்கைகள், திருநம்பிகளைக் கல்வியிலும் சமூகத்திலும் பின்தங்கியவர்களாகக் கருதி, படிப்பிலும் வேலையிலும் இட ஒதுக்கீடு கொடுக்கவேண்டும் என்றது.

நம்ம வட்டாரத்துக் கல்லூரிகளுக்குத் தலைமையிடமான மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், திருநங்கைகளுக்குக் கட்டணம் இல்லாமல் படிப்பு என்று சில வருடங்களுக்கு முன்பே அறிவித்தது. 2024-25 பட்ஜெட்டில் தமிழக அரசு இன்னும் ஒரு படி மேலே போனது. மூன்றாம் பாலினத்தவர் மேல்படிப்பு படித்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே ஏற்கும் என்று சட்டசபையில் அறிவிப்பு வந்தது.

பணம் தடை இல்லை என்று ஆயிற்று. பிறகு ஏன் கூட்டம் வரவில்லை?

காலேஜ் வாசலுக்கு வருவதற்கு முன்பே பிள்ளைகள் காணாமல் போய்விடுகிறார்கள். 2011 மக்கள் தொகைக் கணக்கில் இந்தியா முழுவதும் ஏறக்குறைய 4 லட்சத்து 88 ஆயிரம் பேர் ஆண், பெண் அல்லாத பிரிவில் பதிவானார்கள். அவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 56 பேர். நாட்டின் மொத்தக் கணக்கு நூற்றுக்கு 74. மீசை அரும்புகிற வயதில், நடையையும் பேச்சையும் வைத்து வகுப்பே கூடிச் சிரிக்கிறது. எந்தக் கழிப்பறைக்குப் போவது என்று தெரியாமல் பிள்ளை நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறது. பிறகு ஒரு நாள் பள்ளிக்கூடமே வேண்டாம் என்று நின்றுவிடுகிறது. கட்டணச் சலுகை வந்து கதவைத் தட்டும்போது அந்தப் பிள்ளை ஊரிலேயே இல்லை.

பக்கத்து தூத்துக்குடி மாவட்டத்தில் பிறந்த கிரேஸ் பானுவையே எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகளோடு சேரவிடாமல், அவருக்கு மட்டும் வருகிற நேரமும் போகிற நேரமும் தனியாக வைத்தார்கள் என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். திருநங்கை என்பது ஒன்று, தலித் என்பது இன்னொன்று. இரண்டு சுமை. அதையும் தாண்டி டிப்ளமோ முடித்து, அரக்கோணத்தில் என்ஜினீயரிங் கல்லூரியில் சேர்ந்தார். தமிழ்நாட்டின் முதல் திருநங்கை என்ஜினீயர் என்று இன்றைக்கு ஊர் சொல்கிறது. அவர் அதோடு நிற்கவில்லை. மற்ற திருநங்கைகளும் சர்க்கார் பரீட்சை எழுதவேண்டும், அவர்களுக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும் என்று கோர்ட்டுக்கும் கோட்டைக்கும் நடந்தார்.

சேலத்துப் பிரித்திகா யாசினி கதையும் தெரிந்ததுதான். பி.சி.ஏ. பட்டதாரி. சப்-இன்ஸ்பெக்டர் வேலைக்கு மனுப் போட்டார். மனுவில் ஆண் என்று ஒரு கட்டம், பெண் என்று ஒரு கட்டம். வேறு கட்டம் கிடையாது, மனு தள்ளுபடி! ஐகோர்ட்டுக்குப் போய் 2015-ல் ஜெயித்து, 2017-ல் காக்கிச் சட்டை போட்டார். ஒரு கட்டத்துக்காக ஒரு பட்டதாரி கோர்ட்டு ஏறவேண்டியிருந்தது.

ராசியான கை

இப்போது குற்றாலத்துக்கு வருவோம். சாரல் விழுந்து சீசன் களை கட்டினால் அருவிக்கரைக் கடைவீதியில் கால் வைக்க இடம் இருக்காது. நேந்திரம் சிப்ஸ், மங்குஸ்தான், எண்ணெய் தேய்க்கிறவர்கள், துண்டு விற்கிறவர்கள். அந்த இரைச்சலுக்கு நடுவே கைதட்டும் சத்தம் கேட்கும். கல்லாவில் இருக்கும் அண்ணாச்சி பத்து ரூபாயை எடுத்து நீட்டுவார். "நல்லா இருப்ப ராசா" என்று தலையில் கை வைத்து வாழ்த்து விழும். கடைக்குத் திருஷ்டி கழிந்தது என்று அண்ணாச்சிக்கும் திருப்தி.

அதே கை நாளைக்கு ஒரு பி.காம். சர்ட்டிபிகேட்டை நீட்டினால்? "கணக்கு எழுத ஆள் தேவைன்னு போர்டு போட்டிருக்கீங்களே அண்ணாச்சி" என்று கேட்டால்?

பதில் நமக்கெல்லாம் தெரிந்ததுதான். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா. யாவாரத்துக்கு வார ஆளுக என்ன சொல்லுவாக?"

வாழ்த்துக்கு ராசியான கை, கல்லாவுக்கு ஆகாதாம்!

அண்ணாச்சியை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய? படித்தவர்கள் நடத்தும் இடங்களிலும் இதே கதைதான். வடக்கே உத்தரபிரதேசத்திலும் குஜராத்திலும் ஒரு திருநங்கை ஆசிரியைக்குத் தனியார் பள்ளிகளில் வேலை போன வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை வந்தது. 2025 அக்டோபரில் அவருக்கு நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது கோர்ட்டு. இப்படிப்பட்டவர்களுக்கு வேலையில் சம வாய்ப்புக் கிடைக்க வழி சொல்லும்படி ஒரு குழுவும் போட்டது. அந்தக் குழுவில் நம்ம தூத்துக்குடி கிரேஸ் பானுவும் ஒரு உறுப்பினர். பள்ளிக்கூடத்தில் ஒதுக்கிவைக்கப்பட்டவர் சுப்ரீம் கோர்ட்டுக் குழுவில் உட்கார்ந்திருக்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

வாடகைக்கு ரூம்

வேலை கிடைத்தால் மட்டும் முடிந்துவிடுமா? செங்கோட்டை தாண்டி, புளியரை தாண்டினால் கேரளா. அங்கே 2017-ல் கொச்சி மெட்ரோ ரெயில் திறந்தபோது 23 திருநங்கை, திருநம்பிகளுக்கு வேலை கொடுத்தார்கள். டிக்கெட் கவுண்டர் முதல் துப்புரவு வரை. உலகமே பாராட்டியது. சில வாரங்களிலேயே அவர்களில் சிலர் வேலையை விட்டுவிட்டார்கள். வேலை பிடிக்காமல் அல்ல. தங்குவதற்கு யாரும் வீடு கொடுக்கவில்லை! லாட்ஜில் தங்கி, வாங்குகிற சம்பளத்தை வாடகைக்கே கொடுத்தால் சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

கேரளக்காரர்கள் அதற்காகச் சோர்ந்துவிடவில்லை. மறுவருடமே பல்கலைக்கழகங்களிலும் கலை, அறிவியல் கல்லூரிகளிலும் ஒவ்வொரு படிப்பிலும் இவர்களுக்காக இரண்டு இடம் கூடுதலாக ஒதுக்கினார்கள். ஆனால் அந்த ரூம் விவகாரம் நமக்கு ஒரு பாடம். குற்றாலமோ லாட்ஜும் காட்டேஜும் நிறைந்த ஊர். தென்காசியில் மாவட்டம் வந்த 2019-க்குப் பிறகு ஆபீஸ்கள் பெருகி, வாடகை வீடும் பெருகிவிட்டது. "பேச்சிலருக்குக் கிடையாது" என்று போர்டு மாட்டுகிற வீட்டுக்காரர் திருநங்கைக்குச் சாவி கொடுப்பாரா?

கண்ணில் படாதவர்கள்

திருநங்கையாவது கண்ணுக்குத் தெரிகிறார். அதனால் வாரியம் இருக்கிறது, சலுகை இருக்கிறது. ஆணை விரும்பும் ஆண், பெண்ணை விரும்பும் பெண் என்று ஒரு கூட்டமும் நம்ம கல்லூரிகளில் படித்துப் பட்டம் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அவர்கள் படம் சுவரில் தொங்கும். உள்ளே இருப்பது யார் என்று மட்டும் வீட்டுக்குத் தெரியாது. பட்டம் வாங்கிய மறுமாதமே ஜாதகத்தை எடுப்பார்கள். மற்றப் பிள்ளைகளுக்குப் பட்டமளிப்பு விழா சந்தோஷம், இவர்களுக்கு அன்றைக்கே வயிற்றில் புளியைக் கரைக்கும்.

மதுரையில் இரண்டு மாணவிகள் இப்படித்தான் வீட்டை விட்டுச் சென்னைக்கு ஓடினார்கள். பெற்றோர் போலீசில் புகார் கொடுத்தார்கள். விவகாரம் ஐகோர்ட்டுக்கு வந்தது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு காரியம் செய்தார். "இந்த விஷயம் எனக்கே சரியாகப் புரியவில்லை" என்கிற ரீதியில் ஒப்புக்கொண்டு, மனநல ஆலோசகரிடம் போய் உட்கார்ந்து பாடம் கேட்டார். அதன் பிறகுதான் 2021 ஜூன் 7-ந் தேதி உத்தரவு போட்டார். இப்படிப்பட்ட ஜோடிகளைப் போலீசார் தொல்லை செய்யக்கூடாது, "மாற்றுகிறேன் பேர்வழி" என்று வைத்தியம் பார்க்கிறவர்கள் மீது நடவடிக்கை வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. ஒரு நீதிபதியே மறுபடி மாணவர் ஆனார். நம்ம வீட்டுப் பெரியவர்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பிள்ளை சொல்வதைக் கேட்டால் என்ன குறைந்துவிடும்?

அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு விழா நடக்கிறது. அதன் தொடக்கம் உருக்கமானது. ரோனி சான்லோ என்ற பெண்மணி பெண்ணை விரும்பும் பெண். அந்த ஒரே காரணத்துக்காக, அவர் பெற்ற பிள்ளைகளின் பட்டமளிப்பு விழாவுக்கே அவரை வரவிடவில்லை. அந்த வேதனையோடு 1995-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், இப்படிப்பட்ட மாணவர்களுக்கு என்றே ஒரு தனிப் பட்டமளிப்பு விழாவை ஆரம்பித்தார். முதல் விழாவுக்கு வந்தவர்கள் மூன்றே மூன்று பேர்! இன்றைக்கு அங்கே ஏராளமான பல்கலைக்கழகங்களில் அது வருடாந்திர விழா. வீட்டில் இருந்து யாரும் வராத பிள்ளைக்குக் கைதட்ட நாலு பேர் வேண்டும் என்பதுதான் விஷயம்.

"அது அமெரிக்கா, இது தென்காசி வே" என்று சிலர் சொல்லலாம். குற்றாலத்தில் கோயில் தேவஸ்தானம் நடத்தும் பராசக்தி மகளிர் கல்லூரி 1964-ல் ஆரம்பமானது. "பொட்டப்புள்ளைக்கு எதுக்குக் காலேஜு? நாளைக்கு அடுப்பு ஊதப் போறவதானே?" என்று ஊர்ப் பெருசுகள் பேசிய காலம் அது. அப்படிப் பேசியவர்களின் பேத்திகள் இன்றைக்குப் பேங்கிலும் பள்ளிக்கூடத்திலும் கலெக்டர் ஆபீசிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். பெண் பிள்ளைகளைப் படிக்கவைக்க முதலில் துணிந்தது ஊர் அல்ல, ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒருவர். சில வீடுகளில் அப்பா. பல வீடுகளில் ஆச்சி, நகையை அடகு வைத்து!

இட ஒதுக்கீட்டுச் சண்டை தனி. திருநங்கைகளை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தார்கள். அந்தப் பட்டியலில் லட்சக்கணக்கானவர்களோடு மல்லுக்கட்ட முடியாது, கர்நாடகம் 2021-ல் கொடுத்ததுபோல எல்லாப் பிரிவிலும் ஒரு சதவீதம் தனியாக வேண்டும் என்பது அவர்கள் வாதம். நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் அது கோட்டையில் முடிவாகவேண்டிய காரியம்.

தென்காசியில் முடிவாகக்கூடிய காரியங்களும் இருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் ஒரு தனிக் கழிப்பறைக்குத் தலைமை ஆசிரியரும் பெற்றோர் சங்கமும் மனது வைத்தால் போதும். கேலி செய்கிற வகுப்பை அடக்க ஒரு வாத்தியார் போதும். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜவுளிக்கடையோ மளிகை மண்டியோ பில் போடுகிற நாற்காலியில் ஒரு திருநங்கை பட்டதாரியை உட்காரவைத்தால், முதல் வாரம் வேடிக்கை பார்க்கக் கூட்டம் வரும். இரண்டாம் வாரம் சாமான் வாங்க வரும். மூன்றாம் வாரம், "ஏம்மா, போன தடவை பாக்கி மூணு ரூபா தரணும்லா?" என்று கணக்குக் கேட்பார்கள்.