செய்தியும் தாளமும்: எனக்குப் பிடித்த சில ஹிப் ஹொப் பாடல்கள்

ஹிப் ஹொப் பாடல்களை விரும்பிக் கேட்பவன் இருவகை எதிராளிகளைச் சந்திக்க வேண்டியவனாகின்றான். முதல் வகையினர் அதனை இரைச்சல் என்பர். பிறர் இசையைத் திருடிப் பிழைக்கும் தொழில் என்பர். இரண்டாம் வகையினர் ஆதரவாளராக வருபவர். ஆதலின் அவர்களே அபாயமானவர்கள். ஒடுக்கப்பட்ட கறுப்பின மக்களின் எதிர்ப்புக் கவிதை எனப் புகழ்ந்து, சமூகச் செய்தி தாங்கிய பத்துப் பாடல்களைத் தெரிந்தெடுத்து, எஞ்சியவற்றை வெறுங் களியாட்டம் என ஒதுக்கிவிடுவர். 2018ஆம் ஆண்டு கென்ட்ரிக் லாமரின் இசைத்தொகுப்பொன்றுக்குப் புலிற்சர் பரிசு கிடைத்தபின் இவர்களது குரல் மேலும் ஓங்கியுள்ளது. இக்கட்டுரை பெரிதும் இவர்களை நோக்கியது.

இவர்கள் தவறாது எடுத்துக்காட்டும் பாடல் 'த மெசேஜ்'. கிராண்ட்மாஸ்டர் பிளாஷ், பியூரியஸ் பைவ் குழுவினரின் பெயரில் 1982ஆம் ஆண்டு வெளிவந்தது. நியூயோர்க் நகரத்து வறியோர் வாழ்வை அது கூறும் வேகம் இன்றும் என்னை உலுக்குவதுண்டு. ஆயின் அதன் வரலாற்றை நோக்குமிடத்து நம் நண்பர்களின் பாகுபாடு நிலைக்காது. குழுவினர் முதலில் அதனைப் பாட விரும்பவில்லை. அதனைப் பெரிதும் எழுதியவர் குழுவைச் சேராத எட் பிளெச்சர். பெயர் தாங்கி நின்ற பிளாஷின் கைவண்ணம் அதில் இல்லை. இவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. வறுமையிற் பிறந்த சிறுவன் குற்றத்துட் சென்று மறியற்சாலையில் மாண்டுபோவதை மெலி மெல் கூறும் இறுதிப் பகுதி அப்பாடலுக்கென எழுதப்பட்டதன்று. 1979இல் இதே குழுவினர் வெளியிட்ட 'சூப்பர்ராப்பின்' என்னும் ஆட்டப் பாடலில் அது முன்னரே உள்ளது. தத்தம் பெயரையும் திறமையையும் பறைசாற்றிக் குதூகலிக்கும் அடிகளுக்கு நடுவே அச்சிறுவனின் சாவும் கிடந்தது. மூன்றாண்டுகளாகச் செய்தி களியாட்டத்தினுள்ளேயே இருந்தது. அதனைக் கேட்கும் செவி இல்லாமற் போனது பாடலின் குற்றமா?

இக்கலையின் பிறப்பும் ஒரு கொண்டாட்டமே. 1973 ஆகஸ்ட் 11ஆம் திகதி, புரொங்ஸ் பகுதியில் செட்ஜ்விக் அவெனியூ 1520ஆம் இலக்கக் கட்டடத்தில் நடந்த விருந்தையே அதன் தொடக்கமாகக் கூறுவது வழக்கம். பாடசாலை தொடங்குமுன் புத்தாடை வாங்கப் பணம் சேர்ப்பதற்காகக் கூல் ஹேர்க்கின் சகோதரி நடத்திய விருந்து அது. யமேக்காவிற் பிறந்த ஹேர்க், பாட்டு அடங்கி மேளம் மட்டும் ஒலிக்குமிடத்திலேயே ஆடுவோர் துள்ளி எழுவதைக் கவனித்தார். ஒரே இசைத்தட்டின் இரு பிரதிகளை மாறி மாறி ஓடவிட்டு, சில கணங்களே நீடிக்கும் அவ்விடத்தை நிமிடக் கணக்கில் நீட்டினார். சொல் பின்னரே வந்து அத்தாளத்தின் மீது அமர்ந்தது. சொல்லை மட்டும் உரித்தெடுத்துத் தாளிற் பதித்துக் கவிதை என்போர், கூத்தின் ஏட்டை வாசித்துவிட்டுக் கூத்துப் பார்த்ததாகக் கூறுவோரை ஒத்தவர்.

எரிக் பி, ரகீம் ஆகியோரின் 'பெய்ட் இன் ஃபுல்' (1987) எனக்கு மிக உவப்பான பாடல். சட்டைப்பையிற் காசில்லாத ஒருவன் பழைய தீயவழிக்குத் திரும்பாது பிழைப்பது எங்ஙனமென எண்ணிப் பார்க்கின்றான். பொருள் இவ்வளவே, பாடுவதும் ஒரேயொரு பகுதிதான். அவருக்கு முற்பட்டோரிற் பெரும்பாலோர் அடிதோறும் இயைபை இறுதியில் வைத்து, அங்கே குரலை உயர்த்தி முடித்தனர். ரகீம் குரலை உயர்த்துவதேயில்லை. இயைபு அடியின் நடுவிலும் விழும். வாக்கியம் அடியைக் கடந்து ஓடி எதிர்பாராத இடத்தில் நிற்கும். இளமையில் சாக்சபோன் வாசித்தவர், ஜோன் கொல்ட்ரேனின் வாசிப்பிற் கற்றவர் என்பதை அறிந்தபின் இதன் மூலம் விளங்கும். யாப்பருங்கலக்காரிகையை மனனஞ் செய்த நம்மவர் இதற்குச் செவிடராயிருப்பது வியப்பே. 'செய்தி' என்ன என்று கேட்போருக்கு என்ன விடை கூறுவது? அந்த நிதானமே செய்தி.

உருவத்தைப் போற்றுவதால் உள்ளடக்கத்தின் இழிவை மூடிமறைக்க நான் துணைபோகேன். பெண்களை இழிசொல்லால் அழைக்கும் பாடல்கள் இத்துறையில் மலிந்துள்ளன. குயீன் லற்றீபா 1993இல் 'யுனிட்டி' பாடலில் அச்சொற்களை எடுத்தே, பாடியவர்களிடம் திருப்பிக் கேட்டார். அக்கேள்வி இன்றும் நிற்கின்றது.

இனித் திருட்டு என்னும் குற்றச்சாட்டு. பீட் றொக், சி. எல். ஸ்மூத் இருவரின் 'தே ரெமினிஸ் ஓவர் யூ' (1992), 1990இல் விபத்தில் இறந்த நடனக் கலைஞரான ட்ரோய் டிக்சன் என்னும் நண்பனுக்கான இரங்கற் பாடல். ஆயினும் தாயையும் பாட்டனையும் வளர்ந்த வீட்டையும் பேசியபின்னரே நண்பனின் பெயர் வருகின்றது. அதற்கு முன்பே நம்மை அழவைப்பது ஒரு சாக்சபோன் துண்டு. டொம் ஸ்கொட் 1967இல் வாசித்த காதற் பாட்டொன்றிலிருந்து வெட்டியெடுக்கப்பட்ட அது, மீண்டும் மீண்டும் வந்து ஒப்பாரியாகின்றது. மூலப் பாட்டில் இத்துயரம் இல்லை. இதனைத் திருட்டு என்பவர் ஆக்கம் என்பதற்கு என்ன வரைவிலக்கணம் வைத்துள்ளார்?

1991ஆம் ஆண்டு, பிஸ் மார்க்கி அனுமதியின்றி ஒரு பாட்டின் பகுதியை எடுத்தமைக்கெதிராகத் தீர்ப்பளித்த நியூயோர்க் நீதிபதி, களவு செய்யாதிருப்பாயாக என்னும் விவிலியக் கட்டளையோடு தீர்ப்பைத் தொடங்கினார். அதன்பின் பல துண்டுகளை இணைத்துப் பாடல் கட்டுவது பெருஞ் செலவாயிற்று. உரிமைப் பணம் உரியவருக்குச் சேரவேண்டுமென்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் உரியவர் யார்? எண்ணற்ற ஹிப் ஹொப் பாடல்களுக்கு முதுகெலும்பானது ஜேம்ஸ் பிரவுண் 1970இல் வெளியிட்ட 'ஃபங்கி டிரம்மர்' இசைத்தட்டின் மேளத் துண்டு. அதனை வாசித்தவர் கிளைட் ஸ்டபிள்பீல்ட். பாடலாக்கியோராகப் பதியப்பட்ட பெயர்களுள் அவர் பெயர் இல்லை. பின்வந்தோர் அனுமதி பெற்றுப் பணம் செலுத்தியபோதும் சட்டப்படி அதில் அவருக்கு எவ்வுரிமையும் இருக்கவில்லை. 2017இல் அவர் காலமானார். அவர் கைகளை இரவல் பெற்ற இளைஞர்களை மட்டும் கள்வர் என்போர், அவர் பெயரைப் பதியாது விட்டோரை எப்பெயரால் அழைப்பர்?