த்ராட்டிலுக்கு ஜீரோ கத்துக்கொடுங்க!

கோவை காரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கிற ஃபார்முலா பாரத் போட்டிக்கு கார் கட்டுற மெக்கானிக்கல் மக்களே! பைக் இன்ஜின்ல வெளியில வாங்கின த்ராட்டில் பாடியை மாட்டியாச்சா? அது எவ்வளவு திறந்திருக்குன்னு ஈசியூ-வுக்குப் போட்டுக்கொடுக்கிற ஆளு, டிபிஎஸ் சென்சார். ஆள் புதுசு, கணக்கைச் சரிபார்த்தே ஆகணும்.

முதல்ல ஐடில் ஸ்க்ரூவை செட் பண்ணுங்க. இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாம இக்னிஷன் மட்டும் ஆன். சிக்னல் வயர்ல மல்டிமீட்டர் வைங்க. 5 வோல்ட் சென்சார்னா, மூடியிருக்கும்போது சுமார் 0.5 வோல்ட். வரலையா? சென்சார் ஸ்க்ரூவைத் தளர்த்தி லேசா திருப்புங்க. அப்புறம் பெடலை முழுசா மிதிங்க, 4.5 பக்கம் போகும். ரெண்டையும் லேப்டாப்ல 0, 100 சதவிகிதம்னு பதியுங்க.

'அப்புறம் பார்த்துக்கலாம்'னு விட்டா? ஃபுல் த்ராட்டிலைப் பாதின்னு நினைச்சு ஈசியூ பெட்ரோலைக் குறைச்சிடும். பிஸ்டனே உருகலாம். வருஷம் பூரா உழைச்ச டீம், டிராக் ஓரமா நின்னு மத்தவங்களுக்குக் கைதட்ட வேண்டியதுதான்!