எல்லா லைற்றும் ஏன் எரியுது?

போன மாதம் பிள்ளைகளின் பனிச் சப்பாத்துகளைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த மாதம் காருக்குப் போவோம். வீட்டுக்கும் வேலைக்கும் அடுத்ததாக எங்கட வாழ்க்கை கழிகிற இடம் அதுதானே. நீச்சல், பரதம், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு என்று ஏற்றி இறக்கியே பாதிக் கிழமை முடிந்துவிடுகிறது.

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமைக் காலை. ஸ்காபரோவில் மைனஸ் 21 பாகை. வானில் ஏறித் திறப்பைத் திருகினால் 'டிக், டிக்' என்ற சத்தம் மட்டும்தான். பற்றரி முடிந்துவிட்டது.

குளிரில் இது நடப்பதற்குக் காரணம் உண்டு. பற்றரிக்குள் நடக்கிற இரசாயன வேலை குளிரில் மந்தமாகிவிடும். மைனஸ் 18 பாகையில் அதன் வலு ஏறக்குறையப் பாதியாகிவிடும். அதே நேரம் எஞ்சின் ஓயில் தடித்துப்போவதால், எஞ்சினைச் சுழற்றக் கூடுதல் வலு தேவை. ஐந்தாறு வருடப் பற்றரி ஒக்டோபரில் நன்றாக வேலை செய்துவிட்டு ஜனவரியில் கைவிடுவது இதனால்தான். பற்றரியின் மேல் சி.சி.ஏ. என்று ஓர் எண் இருக்கும். மைனஸ் 18 பாகையில் 30 செக்கன்களுக்கு, 7.2 வோல்ற்றுக்குக் கீழே இறங்காமல் எத்தனை அம்பியர் தரும் என்பதுதான் அந்த எண். புதிது வாங்கும்போது உங்கள் காருக்குச் சொல்லப்பட்ட எண்ணுக்குக் குறையாமல் வாங்குங்கள்.

நான் கராஜுக்கு ரெலிபோன் எடுக்கப் போனேன். அப்பா விடவில்லை.

"உதுக்கேன் பிள்ளை ஆக்களுக்குக் காசு குடுக்கிறாய்? நான் மாத்திறன்."

அப்பாவுக்கு 74 வயது. எண்பதுகளில் கனடாவுக்கு வந்து, பகலில் பேக்டரி, இரவில் கிளீனிங் என்று இரண்டு வேலை செய்தவர். எங்கட முதல் காரை அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் வைத்து அவரே திருத்துவார். நான் ரோர்ச் பிடித்துக்கொண்டு நிற்பேன். இந்தமுறை ரோர்ச் பிடித்தது என்னுடைய 11 வயது மகள்.

"கழட்டேக்கை கறுப்பு முதல். பூட்டேக்கை கறுப்பு கடைசி. விளங்குதே?" என்று அவளுக்குச் சொல்லிச் சொல்லிச் செய்தார். கறுப்பு என்பது நெகற்றிவ். அது காரின் உடம்போடு இணைந்திருக்கிறது. அதைக் கழற்றாமல் சிவப்பைக் கழற்றப் போனால், ஸ்பனர் தற்செயலாகக் காரின் இரும்பில் பட்டாலே பெரிய பொறி பறக்கும். இதை அவர் என்னிடமும் சின்ன வயதில் சொல்லியிருக்கிறார். நான்தான் காதில் வாங்கவில்லை.

அரை மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. வான் ஒரே திருகலில் ஸ்ரார்ட் ஆனது. ஆனால் டாஷ்போட்டைப் பார்த்தால் நல்லூர்த் திருவிழாச் சப்பரம் மாதிரி இருந்தது. ஏ.பி.எஸ்., வழுக்குகிற கார்ப் படம், ஸ்ரியறிங் படம், ரயர்ப் படம் எல்லாமே மஞ்சளாக எரிந்தன.

"கொஞ்சம் ஓடினால் போயிடும்" என்றார் அப்பா.

அவர் சொன்னது பாதி உண்மை. இன்றைய கார்களுக்குள் பல சின்னக் கணினிகள் இருக்கின்றன. பற்றரியைக் கழற்றியதும் அவற்றில் சில, தாங்கள் பழகி வைத்திருந்ததை மறந்துவிடும். ஸ்ரியறிங் நேராக நிற்கிற நிலை எது என்பதே தெரியாமல் போய்விடும். அதனால்தான் வழுக்கல் விளக்கு எரிகிறது. பல கார்களில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க ஸ்ரியறிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி, மற்றப் பக்கமும் முழுதாகத் திருப்பி, பிறகு நேரான வீதியில் கொஞ்சத் தூரம் ஓடினால் அது அணைந்துவிடும். ரயர் விளக்கு அணைய 10, 20 நிமிட ஓட்டம் தேவைப்படலாம். ஒரே தொடுதலில் ஏறி இறங்குகிற கண்ணாடி வேலை செய்யாவிட்டால், சுவிட்சை அழுத்தி முழுதாக இறக்கி, பிறகு முழுதாக ஏற்றி, இரண்டு தடவையும் சில செக்கன்கள் பிடித்திருந்தால் பல கார்களில் சரியாகிவிடும்.

நானும் ஸ்ரியறிங்கைத் திருப்பினேன், ஓடினேன். இரண்டு விளக்கு அணைந்தது. அப்பாவுக்குப் பெருமை. ஆனால் அடுத்த நாள் காலை நாலும் திரும்ப எரிந்தன. பின்னேரம் அணைந்தன. ஞாயிறும் அப்படியே. குளிர்தான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை புதுப் பனி கொட்டியிருந்தது. ஏ.பி.எஸ். விளக்கு எரிய எரிய மகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போனேன். எங்கட ஒழுங்கை முடிகிற சந்தியில் ஸ்ரொப் பலகை. பிறேக்கை மிதித்தேன். வழக்கமாகக் காலடியில் 'கடகட' என்று ஒரு துடிப்பு வரும். அது வரவில்லை. சில்லுகள் பூட்டிக்கொண்டன. வான் பேசாமல் வழுக்கிக்கொண்டு போய் நடுச்சந்தியில் நின்றது. அந்த நேரத்தில் குறுக்கே ஒரு வாகனமும் வரவில்லை. வந்திருந்தால் இந்தப் பத்தியை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

மகள் ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "அம்மா, மணிக்கூடு திரும்பவும் 12 காட்டுது. ஒவ்வொரு நாளும் காலமை நான்தான் மாத்திறன்."

அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. பற்றரி மாற்றிய அன்று மணிக்கூடு 12:00 காட்டுவது இயல்பு. ஒவ்வொரு காலையும் காட்டினால், ஒவ்வொரு முறை ஸ்ரார்ட் பண்ணும்போதும் காருக்குப் போகிற மின்சாரம் விட்டுவிட்டு வருகிறது என்று அர்த்தம். ஒரே நேரத்தில் நாலு விளக்கு எரிந்தால் நாலு பாகம் பழுது என்று நினைத்துப் பயப்படத் தேவையில்லை. அநேகமாக எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்றில்தான் பிழை. அது பெரும்பாலும் மின்சாரம்தான்.

அன்று பின்னேரம் எங்களுக்குத் தெரிந்த ஒரு தமிழ் மெக்கானிக் அண்ணையிடம் போனோம். அவர் போனற்றைத் திறந்து, கறுப்பு வயர் பூட்டியிருந்த கவ்வியை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பினார். அது சுழன்றது.

"ஆர் தங்கச்சி இதைப் பூட்டினது?"

"நான்தான் அண்ணை" என்றேன். அந்தப் பொய் யோசிக்காமலே வந்துவிட்டது.

அவர் கவ்வியைக் கழற்றித் துடைத்து இறுக்கினார். வோல்ற் பார்த்தார். நிறுத்திய எஞ்சினில் 12.5, ஓடுகிற எஞ்சினில் 14.2. "பற்றரியும் நல்லம், அல்ரனேற்றரும் நல்லம்" என்றார். ஸ்கானரைச் செருகிப் பார்த்தால், குறைந்த வோல்ற் என்ற கோட்தான் வரிசையாக. அழித்துவிட்டார். நாலு விளக்கும் போய்விட்டன, திரும்ப வரவில்லை.

திரும்பி வரும்போது மகள் கேட்டாள்: "ஏன் பொய் சொன்னீங்கள்? அம்மப்பாதானே பூட்டினவர்?"

அப்பாவுக்கு மற்றவர்கள் முன்னால் குறை வரக் கூடாது என்று சொன்னேன். "அப்ப அவருக்கும் சொல்ல மாட்டீங்களா? அவர் அப்பான்ரை காருக்கும் மாத்திறன் எண்டவர்" என்றாள். என்னிடம் பதில் இல்லை. சந்தி நடுவில் நின்றபோது பின் சீற்றில் இருந்தது அவள்தான்.

இரவு தேத்தண்ணி குடிக்கும்போது அப்பாவிடம் உள்ளதைச் சொன்னேன், சந்தியில் நடந்தது உட்பட. கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் வலது கையை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இறுக்கினது எண்டுதான் நினைச்சன் பிள்ளை. இப்ப கொஞ்ச நாளா இந்தப் பெருவிரலிலை பிடி இல்லை. குளிர் எண்டு விட்டிட்டன்."

அம்மா அடுப்படியில் இருந்து, "ஜாம் போத்தல் எல்லாம் இப்ப நான்தான் திறக்கிறன்" என்றா. அது எத்தனை மாதமாக நடக்கிறது என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. குடும்ப வைத்தியருக்கு அடுத்த கிழமைக்கு நேரம் எடுத்திருக்கிறோம். பெரிதாக ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். பார்த்தால்தானே தெரியும்.

உங்களுக்கு உதவக்கூடிய சில விடயங்கள்:

நிறத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்துங்கள். ஓயில் கான், வெப்பமானி, பிறேக் ஆகியவை சிவப்பாக எரிந்தால் ஓட வேண்டாம். மஞ்சள் என்றால் ஓடலாம், ஆனால் விரைவில் காட்டுங்கள். எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் தள்ளிப்போடாதீர்கள்.

ஏ.பி.எஸ். விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிறேக் வேலை செய்யும். ஆனால் பனியிலும் மழையிலும் சில்லு பூட்டிக்கொள்ளும். வீதி வழுக்கினால் அந்தக் காரில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். நான் செய்த பிழை அதுதான்.

புதுப் பற்றரி போட்ட பிறகும் பற்றரி வடிவச் சிவப்பு விளக்கு எரிந்தால், சார்ஜ் ஏறவில்லை. அல்ரனேற்றர், அதன் பெல்ற், வயர்க் கவ்வி மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பற்றரி மாற்றியதும் இரண்டு கவ்வியையும் கையால் திருப்பிப் பாருங்கள். அசையவே கூடாது.

சிக்னலில் தானே நின்று தானே ஸ்ரார்ட் ஆகிற கார் என்றால், அதற்குரிய ஏ.ஜி.எம். அல்லது ஈ.எப்.பி. வகைப் பற்றரிதான் போட வேண்டும். சில ஐரோப்பியக் கார்களில் புதுப் பற்றரி போட்டதைக் காரின் கணினியிலும் பதிய வேண்டும்.

பிரித்தானியாவில் எஞ்சின், ஏ.பி.எஸ்., எயார்பாக் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தால் எம்.ஓ.டி. பரிசோதனையில் கார் தேறாது. அமெரிக்காவில் புகைப் பரிசோதனை உள்ள மாநிலங்களில், பற்றரி மாற்றிய கையோடு போகாதீர்கள். காரின் கணினி தன்னைத்தானே சோதித்து முடிக்கச் சில நாள் வழக்கமான ஓட்டம் தேவை.

போன சனிக்கிழமை என் கணவரின் காருக்கும் பற்றரி மாற்ற வேண்டியிருந்தது. மெக்கானிக்கிடம் விடுவோமா என்று கேட்டேன். அப்பா மகளைக் கூப்பிட்டு 10 மில்லிமீற்றர் ஸ்பனரை அவள் கையில் கொடுத்தார். இந்தமுறை ரோர்ச் பிடித்தது அவர்.

"கறுப்பு கடைசி" என்று அவர் தொடங்க முதலே அவள் சொன்னாள். பூட்டி முடித்ததும் அவர் குனிந்து, இடது கையால் இரண்டு கவ்வியையும் அசைத்துப் பார்த்தார்.

"இன்னும் ஒருக்கா இறுக்கு" என்றார்.