சாயமும் புகையும்



பள்ளிபாளையத்துச் சாயப்பட்டறையில் முப்பது ஆண்டுகள் உழைத்த பெரியவர் ஒருவரைச் சென்ற மாதம் சந்தித்தேன். சிறுநீரில் இரத்தம் கண்டதை ஆறு மாதம் யாரிடமும் சொல்லாதிருந்தார். “சூடுங்க சாமி, வலியே இல்லீங்க. எளநி குடிச்சேன், நின்னுபோச்சுங்க” என்றார். இரத்தம் நின்றது மெய்தான், நோய் நிற்கவில்லை. சிறுநீர்ப்பையில் புற்றுநோய் என்று மருத்துவர் கண்டறிந்தார். அவருடைய இசைவுடனேயே இதை எழுதுகிறேன்.

இந்நோய் சாயத் தொழிலாளரைப் பற்றுவதை 1895ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் லுட்விக் ரேன் என்னும் அறுவை மருத்துவர் எடுத்துரைத்தார். பென்சிடின், நாப்தைலமின் போன்ற பொருள்களே காரணமெனப் பிற்கால ஆய்வுகள் நிலைநாட்டின. தோலின் வழியாகவும் மூச்சின் வழியாகவும் இவை இரத்தத்தில் கலக்கின்றன. சிறுநீரகம் பிரித்தனுப்பும் இந்நஞ்சு சிறுநீர்ப்பையில் தங்கி, அதன் உட்சுவரைக் கெடுக்கிறது. கேடு வெளிப்பட இருபது, முப்பது ஆண்டுகளும் ஆகலாம். பென்சிடின் சார்ந்த சாயங்களை நம் நாடு 1990களில் தடைசெய்தது. எனினும், அதற்குமுன் வெறுங்கையால் நூலைச் சாயத்தில் முக்கியெடுத்தவர்கள் நம்மிடையே இன்றும் வாழ்கின்றனர்.

சாயப்பட்டறையை மிதியாதவர் தமக்கு அச்சமில்லை என்று எண்ண வேண்டாம். பீடி, சிகரெட்டுப் புகையிலும் அதே நாப்தைலமின் உண்டு. இந்நோய்க்குத் தலையாய காரணம் புகைபிடித்தலே. அப்பழக்கத்தை விட்டொழித்தால், ஆண்டுகள் செல்லச் செல்ல ஆபத்தும் குறையும். முதிர்ந்த வயது ஆண்களிடம் இந்நோய் மிகுதி, பெண்களும் விலக்கல்லர். வெளிப்படையான காரணம் ஏதுமின்றியும் சிலருக்கு வருவதுண்டு. ஆகவே நோயுற்றவரைப் பழித்தல் அன்பின் செயலன்று.

சிறுநீரில் இரத்தம் ஒரேயொருமுறை கண்டாலும், வலி இல்லாவிடினும், மருத்துவரிடம் செல்லுங்கள். கல்லோ கிருமியோ காரணமாக இருக்கலாம். அதை முடிவுசெய்ய வேண்டியவர் மருத்துவரே. தொடக்கத்திலேயே கண்டால், பெரும்பாலும் நன்முறையில் மருத்துவம் செய்ய இயலும்.

பட்டறை நடத்தும் நம் சகோதரர்க்கும் ஒரு சொல். தொழிலாளியின் உடல்நலத்தைக் கெடுக்காத பணியிடம் அவருடைய உரிமை என்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981இல் உழைப்பைப் பற்றிய தம் சுற்றுமடலில் கற்பித்தார். கையுறையும் முகமூடியும் கொடுப்பது தருமமன்று, கடமை.

நம் உடல் தூய ஆவியின் ஆலயம். அதைக் காப்பதில் கூச்சத்துக்கு இடமில்லை. இன்றிரவு குடும்பச் செபம் முடிந்ததும் உங்கள் வீட்டுப் பெரியவரிடம் பரிவுடன் கேளுங்கள். அப்பெரியவர் இழந்த ஆறு மாதங்களை நீங்கள் இழக்க வேண்டாம்.