கூப்பிட்டால் மட்டும் போதுமா?

அமெரிக்கத் தேசியக் கால்பந்து லீக்கில் 2003 முதல் ரூனி விதி இருக்கிறது: தலைமைப் பயிற்றுவிப்பாளர் வெற்றிடத்துக்குச் சிறுபான்மையினர் ஒருவரையாவது நேர்முகப் பரீட்சைக்கு அழைக்க வேண்டும் என்று முதலில் இருந்தது. தொடக்கத்தில் பலன் தெரிந்தது. 2022இல் கறுப்பினப் பயிற்றுவிப்பாளர் பிரையன் புளோரஸ் வழக்குப் போட்டார்: வேறொருவரை முடிவு செய்துவிட்டே தன்னைக் கூப்பிட்டார்களாம்.

நமக்கு இது புதிதா தோழர்களே? ரிவர்ஸ்டன் பக்கத்துத் தோட்டப் பிள்ளை ஒருவர், பயிற்றுவிப்பாளர் வேலைக்குச் சான்றிதழ்களோடு போனார். கேள்வியெல்லாம் சிங்களத்தில். பத்து நிமிடத்தில் வெளியே.

முரளிதரனின் பாட்டனும் தோட்ட வேலைக்கு வந்தவர்தான். 800 விக்கெட் எடுத்தவருக்கு விதி வேண்டாம். நம் பிள்ளைகளுக்கு வேண்டும். தமிழில் நேர்முகம், புள்ளிகள் எழுத்தில், நிராகரித்தால் காரணம். இதை அடுத்த கிளைக் கூட்டத்தில் தீர்மானமாக வைக்கிறோம். விண்ணப்பித்துத் திரும்பிய பிள்ளைகள் கடிதங்களோடு வாருங்கள்.